எண்ணெய்க் கையோடு கொழும்புக்கு

கழுத்துவலிக்கு நரம்புப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவிலேயே, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் அக்காவை இதற்காகக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் நான்.

அக்கா கொழுந்து பறிப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூடைக் கயிறு அவள் தலையில்தான். அந்த மழைக்காலத்தில் வலது கை விரல்கள் மரத்துப் போயின. கிள்ளிய கொழுந்து நழுவி விழுந்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வாதம் என்றார்கள். அது ஏறிப் படுக்கையில் தள்ளிவிடும் என்று அக்காவும் நம்பிவிட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாதம் என்றால் கழுத்தைத் திருப்பும்போது ஏன் கை சுரீர் என்கிறது?

பதுளைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்ந்திருப்பது தெரிந்தது. நரம்பு அதில் தெரியாது என்று டொக்டர் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ரயில். சுமார் 290 கிலோமீற்றர், பத்து மணி நேரத்துக்கு மேல். ஹாலிஎல தாண்டியதும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அக்காவுக்குப் பிசைய வரவில்லை. நான்தான் ஊட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கையில் தகடுகளை ஒட்டி, லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள். திரையில் கோடு அசையவே இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"செத்துப் போச்சு தங்கச்சி. கை செத்துப் போச்சு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பரிசோதகர் மட்டும் நிதானமாகத் தகட்டைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். என்ன பூசினீர்கள் என்றார். வாத எண்ணெய். டொக்டரிடம் போகும் நாளில்கூட அதைப் பூசாமல் எங்கள் ஆட்கள் புறப்பட மாட்டார்கள். அக்கா தோள் முதல் விரல் வரை தாராளமாகவே தேய்த்திருந்தாள். எண்ணெய் இருந்தால் தகடு ஒட்டாது, கரண்டும் ஏறாது என்றார். சவர்க்காரம் போட்டு வெந்நீரில் இரண்டு தடவை கழுவிவிட்டேன். இந்த முறை கோடு துள்ளியது.

அடுத்து, கைத் தசைகளுக்குள் மெல்லிய ஊசி ஏற்றிப் பார்த்தார்கள். கையில் ஓடும் நரம்பு நன்றாகவே இருக்கிறது, கழுத்தில் அது புறப்படும் இடத்தில்தான் நசுங்குகிறது என்றார்கள். முதுகில் மருந்து ஏற்றி, மேசையைச் சாய்த்து எடுத்த மைலோகிராம் படம் அந்த இடத்தையே காட்டியது. வாதம் இல்லை. இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம். கழுத்துப் பட்டி, பயிற்சி, இனித் தலையில் சுமை கூடாது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

நீங்கள் போகும்போது எண்ணெய், கிரீம் எதுவும் பூசாதீர்கள். கையைச் சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாக வேலை செய்யும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது எம்.ஆர்.ஐ. வந்துவிட்டதால் முதுகில் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.

தசை ஊசி வலிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். திரும்பி வரும் ரயிலில் நானும் அக்காவிடம் அதையே கேட்டேன்.

"நல்லா வலிச்சுச்சு. அப்பதான் இது இன்னும் என் கைதான்னு தெரிஞ்சுச்சு."