யார் ஆட்சியில் பெய்த மழை

எங்கள் வீட்டில் ஒரு காளை, அத்தை வீட்டில் ஒரு காளை. இரண்டையும் சோடி சேர்த்துத்தான் இரண்டு வீட்டுக் கரிசலிலும் உழவும் விதைப்பும் நடக்கும். பசுவந்தனைப் பக்கம் ஒற்றை மாட்டுக்காரர்கள் அப்படித்தான் காலம் தள்ளினார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

எழுபதுகளில் அப்பாவுக்கு ஒரு கட்சி, மாமாவுக்கு இன்னொரு கட்சி. அப்பாவின் கட்சி ஆண்டபோது ஒரு வருடம் மழை தப்பாமல் பெய்தது. பருத்திக்கும் நல்ல விலை. "நம்ம ஆட்சியில பூமி எப்படி விளையுது பாத்தீரா?" என்று அப்பா கண்டவரிடமெல்லாம் கேட்டார். முந்தின வருடம் அதே ஆட்சியில்தான் கம்பு கருகிப்போனது. அதை அவர் சௌகரியமாக மறந்துவிட்டார்.

பிறகு ஆட்சி மாறியது. ஐப்பசியில் அடைமழை. இப்போது மாமாவின் முறை. மழை விட்டு, விதைக்க மாடு பூட்டப் போன இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன மச்சான், எங்க ஆட்சியில பெஞ்ச மழையில விதைக்க வந்துட்டீரே, கூச்சமா இல்லையா?"

வெறும் கேலிதான். அப்பா காளையை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கரிசலில் விதைப்புப் பதம் நாலைந்து நாள்தான் நிற்கும். ஊரில் மற்ற மாடுகளெல்லாம் அவரவர் நிலத்தில் ஓய்வில்லாமல் நின்றன. மூன்றாம் நாள் காலை அத்தை எங்கள் புழக்கடைக்கு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"ஏட்டி, மாட்ட அனுப்பச் சொல்லி அண்ணன்ட்ட சொல்லு. பதம் போயிட்டுன்னா ரெண்டு வீடும் பட்டினிதான்."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவைவிடப் பெரிய கட்சிக்காரி. "மாமாதான வாய விட்டாவ? அவியளே வந்து கேக்கட்டும்" என்றேன். "நீ சொல்லுட்டி" என்று கெஞ்சிவிட்டுப் போனாள். நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அப்பா காளைக்குச் சோளத்தட்டை போட்டபடி அத்தை வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை கேட்டாள் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வெயில் அடித்து மண் இறுகியது. ஊர் முழுக்கப் பருத்தி பச்சை கட்டியபோது எங்கள் இரண்டு நிலங்கள் மட்டும் வெறுங்கரிசலாகக் கிடந்தன. "இந்த ஆட்சி வந்தா விளங்குமா?" என்றார் அப்பா. முந்தின ஆட்சிதான் விவசாயியை ஒழித்தது என்றார் மாமா. மாடு சோடி சேராததை இருவருமே பேசவில்லை. ஒரே மழை நனைத்த பக்கத்து நிலங்களைப் பார்த்தும் அவர்களுக்கு உறைக்கவில்லை.

தை பிறந்ததும் மாமா காளையை விற்றார். கோவில்பட்டியில் தீப்பெட்டி வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். பஸ் நிற்கும் இடத்தில் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நெசத்தச் சொல்லு. அன்னைக்கு அண்ணன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தங்கை ஏன் வருவதில்லை என்று தெரியாமலே அப்பா சில வருடங்களில் செத்துப்போனார். அன்றைக்குத்தான் அத்தை வந்தாள். "நாங் கேட்டும் மாட்ட அனுப்பாம இருந்துட்டியே அண்ணே" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.