பொட்டு வைத்த கீபோர்டு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தபோது குழாய்களுக்கு நடுவில் மாட்டி, என் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. ராசிபுரத்தில் எங்கள் பஜனைக் குழுவுக்கு அதுவரை நான்தான் ஆர்மோனியம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூட்டத்தில் ஓர் இடம் இருந்தது. மிஞ்சிய மூன்று விரல்களால், பாட்டு வேகமெடுத்தால் கட்டைகளை எட்ட முடியவில்லை. இடது கையைப் பழக்கிப் பார்த்தேன். அது துருத்தி போடவே பழகிய கை.

பிறகு சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் சிநேகிதரானார். எண்பதுகளின் கடைசி அது. ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் கீபோர்டு ஒன்று பழைய சாமான்களோடு அவரிடம் வந்திருந்தது.

“கம்ப்யூட்டரே இல்லாம இது எதுக்குங்க?” என்றேன்.

“ஒவ்வொரு கட்டையும் ஒரு சுவிட்சுங்க. சுவிட்சைப் போட்டா லைட்டுதான் எரியோணுமா? சத்தமும் வருமுங்க.”

கட்டைக்கு ஒரு ஒயர், ஒயருக்கு ஒரு சின்னத் திருகு என்று பற்றவைத்துக் கொடுத்தார். திருகைத் திருப்பினால் சுரம் ஏறும், இறங்கும். சத்தம் கொஞ்சம் மூக்கால் பாடுவது போலத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சுரம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நானே வைத்துக்கொள்ளலாம். என் கட்டைவிரல் விழுகிற இடத்தில் ஷட்ஜம். அதற்கு மேலேயே பஞ்சமம். மற்றவை அடுத்த இரண்டு விரல்களுக்கு எட்டுகிற தூரத்தில். ஐந்தாவது வரை படித்தவன், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். தினமும் சேலம் பஸ்ஸில் போக வர, முழங்காலையே கீபோர்டாக நினைத்து விரலைத் தட்டிப் பழகினேன்.

குழுவை நடத்திய பட்டு ஜவுளிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “ஏனுங்க, சாமிக்கு மனு டைப் அடிக்கப் போறீங்களா?” எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சொன்னார்: “ஆயுத பூஜைக்கு வாசிங்க சாமி. பாட்டுக்கு ஒத்து வந்தாச் சரி. இல்லீனா சேலத்து ஆர்மோனியக்காரரைச் சொல்லி வெச்சிருக்கறன். மனசுல வெச்சுக்காதீங்க.”

பூஜையன்று மண்டியிலிருந்து திரும்பியபோது, அரிவாள்மணை, தையல் மிஷினோடு என் கீபோர்டும் பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். மொத்தமும் சிவப்புப் பொட்டு.

“கட்டை மேல மூடியெல்லாம் பல்லு மாதிரி கழண்டு வந்துச்சுங்க,” என்றாள் மனைவி. “எல்லாத்தையும் கழுவிக் காயவெச்சு மாட்டீட்டனுங்க.”

“எதெது எங்க இருந்துச்சு?”

அவள் முகம் மாறியது. “அதுல அப்படி இருக்குதுங்களா?”

அவளைக் கோபிக்க முடியவில்லை. கும்பிடுகிற பொருளைக் கழுவாமல் எப்படிப் பூஜையில் வைப்பாள்? பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை. குழுவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டான்.

ஜவுளிக்காரர் சுருதி கேட்டார். சந்தனத்துக்கு அடியில் நகப்பூச்சு தெரிந்த கட்டையாகத் தேடி அழுத்தினேன். வேறெங்கோ ஒரு சுரம் அலறியது. பின்னால் யாரோ, “லாரி ஆரனுங்க,” என்றார்கள். காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது.

அப்போது பஸ் ஞாபகம் வந்தது. முழங்காலில் ஏது பொட்டு? மனைவி மாற்றியது மூடிகளைத்தான். அடியில் ஒயர் இருந்த இடத்தில்தானே இருக்கிறது? கீபோர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாடப்போகிற ஜவுளிக்காரரின் வாயைப் பார்த்தேன். கட்டைவிரல் தன் இடத்தில் போய் விழுந்தது. ஷட்ஜம்.

அதுவரை குனிந்தே வாசித்தவன் நான். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன். நாலாவது பாட்டில் அவர் அடுத்த அடி மறந்து நின்றபோது, நான் முந்தின அடியையே திருப்பி வாசித்து இடம் கொடுத்தேன்.

சுண்டல் வாங்கும்போது, “சனிக்கிழம நேரத்துலயே வந்துருங்க,” என்றார். சேலத்துக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூடிகளை நான் மாற்றி மாட்டவே இல்லை. பின்னொரு நாள் டைப் படித்த ஒருவர் குனிந்து பார்த்து, “எழுத்தெல்லாம் எடம் மாறிக் கெடக்குதேங்க,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.