நான் கழுவி வைத்த குடுவை

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து நிறுத்துக் கொடுப்பது என் வேலை. ஒன்றை நிறுத்ததும் தட்டைத் துடைத்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் துகளோடு அடுத்த மருந்து உரசினால் அப்புறம் துடைக்க ஆள் இருக்காது. பழக்கம் முற்றி, வீட்டில் பிறர் சாப்பிட்ட தட்டைக்கூடப் பிடுங்கிக் கழுவுகிறவனாகிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் தங்கை புருஷனுக்கு வாந்திபேதி கண்டது. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தார். கை நரம்பில் உப்புத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“உடம்புல பொட்டாசியம் குறைஞ்சிருக்கும். ஏத்தணும்,” என்றார் டாக்டர். “ஆனா ஒண்ணுக்குப் போகாம ஏத்துனா உள்ளேயே தங்கி இருதயத்தை நிறுத்திப்புடும். போனதும் அளந்து பாத்துட்டுத்தான்.”

கம்பெனியில் பொட்டாசியம் என்று எழுதிய டப்பா பக்கம், உரசித் தீப்பிடிக்குமென்று நான் செருப்போடு போனதில்லை. அதை மாப்பிள்ளைக்குள் ஊற்றப்போகிறார்கள்.

நர்ஸ் என்னிடம் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்தார். “இதுல பிடிச்சு அப்படியே கொண்டாங்க அண்ணே.”

பகல் வரை ஒரு சொட்டு இல்லை. பயத்தில் நான்தான் நாலு தரம் கொல்லைப்பக்கம் போய் வந்தேன். வாசலில் இருந்த தங்கை எழுந்தாள்.

“அவுகளுக்கு வந்துச்சாண்ணே?”

“எனக்குத்தான் வந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிக்கு மேல் மாப்பிள்ளை முனகினார். “மச்சான், ஒண்ணுக்கு முடுக்குது.”

பிடித்தேன். நேரே குழாயடிக்குப் போய்க் கொட்டி, மூன்று தரம் கழுவி, வேட்டி முனையால் துடைத்து நர்ஸிடம் நீட்டினேன்.

“போயிட்டாரும்மா.”

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எங்க?”

குழாயடியைக் கை காட்டினேன்.

“எம்புட்டு இருந்துச்சு?”

தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுக்கிறவன் நான்.

“அளவு தெரியாம டாக்டர் விட மாட்டாரு. அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.”

இன்னும் அரை நாள் காத்திருப்பதை அந்தக் குழிந்த கண்கள் தாங்குமா? குடுவையோடு கொல்லைப்பக்கம் நடந்தேன். அந்த ஐந்தாவது தரத்தை வீணாக்காமல் கொண்டு வந்து கொடுத்தேன். நர்ஸ் ஆறு அவுன்ஸ் என்று எழுதி, டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, மருந்தை ஊசியில் உறிஞ்சினார். உப்புத்தண்ணீர் பாட்டில் பக்கம் அவர் கை போனது. தப்பாக நிறுத்த ஒரு தட்டு மருந்து என்ன செய்யும் என்று பார்த்தவன் நான்.

“நிறுத்துங்கம்மா. அது என்னோடது.”

ஊசி அந்தரத்தில் நின்றது. நர்ஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு. வெளியே இருங்க.”

எழுதியதை அடித்துவிட்டார். வாசலில் தங்கை ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வெயில் சாய்ந்தபோது நர்ஸ் கூப்பிட்டார்.

“எட்டு அவுன்சு. நின்னு பாத்தேன், அவரோடதுதான்.”

மருந்து கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தங்கை மாப்பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கண் மேசைமேல் இருந்த கழுவாத குடுவைமேல் போயிருக்க வேண்டும். நர்ஸ் அதை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார்.