ஒருக்களிச்சான் பார்த்த வெளிச்சம்

என் மனைவியின் அண்ணனைப் பட்டறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருக்களிச்சான் என்றால்தான் தெரியும். எதையும் தலையைச் சாய்த்து, ஒரு பக்கமாகத்தான் பார்ப்பார். சோற்றுத் தட்டைக்கூட அப்படித்தான். "சோத்துல நீலம் ஓடுதா, தேடுறீங்க?" என்று அவர் பெண்டாட்டி இடிப்பாள். அது தொழில் கொடுத்த வியாதி.

நாங்கள் அறுத்துத் தீட்டுவது லாப்ரடோரைட் என்ற கல். பேர் வாயில் நுழையாது. பார்வைக்கு ரோட்டுச் சல்லி, சாம்பல் நிறம். விளக்கடியில் வைத்து மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் சட்டென்று நீலம் ஓடும், மயில் கழுத்து மாதிரி. ஓரத்தில் தங்கம் கசியும். இன்னும் ஒரு நூல் திருப்பினால் போச்சு, பழையபடி சல்லி. நகைக்கடைக்கு வருகிற பெண்கள் இந்தக் கல் வைத்த மோதிரத்தை முதலில் அலட்சியமாகத்தான் விரலில் மாட்டுவார்கள். கை அசைகிறபோது அந்த நீலம் ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பேச்சு நின்றுவிடும். வைரம் ஊருக்கெல்லாம் மினுக்கும். இது சரியான இடத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் காட்டும். தனக்கென்றே காட்டியது போல இருக்கும். பிறகு எங்கே கழற்றுவது?

அந்த வெளிச்சம் கல்லுக்குள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்து அறுக்க வேண்டும். மாற்றி அறுத்தால் ஆயுசுக்கும் அது செத்த கல். மச்சான் கல்லைத் தண்ணீரில் நனைப்பார், ஒரு சுற்றுத் திருப்புவார், கோடு போடுவார். தப்பியதில்லை.

டீக்காரர் விஷயத்தில்தான் வினை ஆரம்பித்தது. ஒரு நாள் டீ கொடுத்துக்கொண்டிருந்தவரை மச்சான் ஒருக்களித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். அவர் போனதும் "செத்த கல்லு" என்று முணுமுணுத்தார். டீ அவ்வளவு மோசமா என்று கேட்டுச் சிரித்தோம். அந்த வாரமே டீக்காரர் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்தது முதலாளியின் தம்பி. ஓங்குதாங்கான ஆள். மச்சான் அவரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மறுநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த மனுஷனைப் பிணமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கொஞ்ச நாளில் மச்சான் நிமிர்வதையே விட்டுவிட்டார். வெளிச்சம் பார்க்கிற வேலையை என் பக்கம் தள்ளினார். நான் அறுத்துக் கொடுத்ததை விரலால் தடவித் தடவித் தீட்டுவார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள். வெளியூரில் வேலை கிடைத்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். போகக்கூடாது என்றார் மச்சான். மகள் பட்டறைக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அப்பா என் மொகத்தையே பாக்க மாட்டேங்குறாரு. சாப்பாடு வச்சா செவத்தப் பாத்துட்டுச் சாப்புடுறாரு. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

அவளைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, தண்ணீர்த் தொட்டியருகே மச்சானை மடக்கினேன். வெகுநேரம் கையையே கழுவிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேன் மாப்ள. சுத்திச் சுத்திப் பாத்தேன். வெறும் சாம்பல்."

ஆனாலும் பட்டறை வழக்கம் ஒன்று உண்டு. வெளிச்சம் தெரியவில்லை என்றால் கல்லை உடனே தூக்கி எறியமாட்டோம். விளக்கைத் துடைப்போம், வேறொரு கல்லை வைத்துப் பார்ப்போம். பட்டறைக்கே பாடம் எடுத்த மனுஷன், பெற்ற பிள்ளை என்றதும் அதை மறந்துவிட்டார். அவளோடு நிறுத்திவிட்டு, வேறு யாரையும் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

என்னைப் பாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். தாடையைப் பிடித்துத் தூக்கினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உங்கிட்டயும் இல்லையே" என்றார்.

குளிர்ந்துவிட்டது எனக்கு. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினேன். ஒருத்தரிடமும் இல்லையாம். கடைசியில், முதலாளி விற்காமல் வைத்திருந்த டாலர் கல்லை எடுத்து வந்து அவர் கண் முன்னால் திருப்பினேன். வாசலில் நிற்பவனுக்கே நீலம் அடிக்கிற கல் அது. அதையும் சல்லி என்றார்.

அப்பாடா, கண்ணில்தான் கோளாறு என்று அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் எதை எதையோ மாட்டிப் பார்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்து வரியை மச்சான் கடகடவென்று வாசித்தார். இந்த வயசில் இப்படிக் கண்ணா, கண்ணாடிகூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

வெளியே வந்து படியில் நின்றோம். கல்லில் குறையில்லை. விளக்கில் குறையில்லை. கண்ணும் நல்ல கண். மிச்சம் இருப்பது பார்க்கிற ஆள்தான் என்று எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ பொண்ணுக்கு ஒண்ணுமில்ல மாப்ள."

"உங்களுக்கு?"

"அத விடு. டிக்கெட் என்னிக்கிப் போட்டிருக்கா?"

ஸ்டேஷனில் பெட்டியை என்னைத் தொடவிடவில்லை. ஜன்னலோரம் நின்று, தலையைச் சாய்க்காமல், இரண்டு கண்ணாலும் நேராக மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் நெளிந்தாள். ரயில் நகர்ந்த பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் பட்டறைக்குப் போன் செய்தாள். நன்றாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு மச்சான் சாணையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில்லாமல் சாணை கிறீச்சிட்டது. திரும்பினேன். உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

அந்தப் பெண் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். போன வாரம் போனில், அப்பா அப்போது ஏன் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை என்று கேட்டாள்.

"அவருக்குக் கண்ணு சரியில்லம்மா" என்றேன்.

"டாக்டர் நல்லா இருக்குன்னுல்ல சொன்னாராம்? அம்மா சொன்னாங்களே."

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.