முள் நிற்கவில்லை என்று எழுதியவர்

தங்கராசு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் போன் செய்து, "அப்பா தவறிட்டாருங்க. ஒங்களுக்கு மொதல்ல சொல்லச் சொன்னாங்க அம்மா" என்றாள். போனை வைத்த பிறகுதான், ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அறுபதுகளில் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு பிரிவில் இருந்த நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கம்மாபுரம் பக்கத்து ஆள், காண்ட்ராக்டில் பம்பு ஓட்டினார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓயாமல் இறைத்தால்தான் மேலே வெட்ட முடியும். மணிக்கொரு தடவை பம்பை ஒட்டிக் குழாயிலுள்ள கேஜைப் பார்த்து அழுத்தத்தை நோட்டில் எழுத வேண்டும். எல்லாரும் ஓர் எண் எழுதினால், இவர் மட்டும் 'இதிலிருந்து இது வரை' என்று இரண்டு எழுதுவார்.

நான் கல்லூரியிலிருந்து நேராக வந்திறங்கிய என்ஜினீயர். அசல் ஏட்டுச் சுரைக்காய்.

"ஒரு நம்பர் எழுத வராதாய்யா உனக்கு?"

"முள்ளு ஆடிக்கினே இருக்குதுங்க சார். நிக்காதத நின்னுச்சின்னு எப்புடிங்க எழுதறது?"

"கேஜுக்குக் கீழே சின்ன வால்வு இருக்கே, அதைக் கொஞ்சம் மூடு. நிற்கும்."

"முள்ளு நிக்குங்க. தண்ணி நிக்காதுங்களே."

எதிர்த்துப் பேசுகிறான் என்றுதான் அன்று எனக்குப் பட்டது. பர்மனென்ட் ஆக்க வேண்டியவர்கள் பட்டியல் என்னிடம் வந்தபோது, அவர் பெயருக்கு எதிரே 'அளவெடுப்பதில் கவனம் போதாது' என்று எழுதினேன். பெயரை அடித்துவிட்டார்கள்.

சில மாதங்களில் குழாய் வாயில் விழும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவே மெலிந்தது. என் கணக்குப்படி குறையவே கூடாது. நோட்டைப் புரட்டினேன். மற்ற ஷிப்டுகளில் மாதக்கணக்காக ஒரே எண். என் யோசனையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வால்வை முழுக்கவே மூடியிருந்தார்கள். உள்ளே அடைபட்ட பழைய அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டிக்கொண்டிருந்தது. தங்கராசு தன் ஷிப்டில் மட்டும் வால்வைத் திறந்து எழுதியிருந்தார். அவருடைய இரண்டு எண்களும் ஏறியிருந்தன, நடுவிலிருந்த இடைவெளியும் அகன்றிருந்தது.

"கொழா உள்ள என்னமோ வளந்துகினு இருக்குதுங்க சார். கழட்டிப் பாத்துடுங்க" என்றார்.

கழற்றினோம். உட்சுவர் முழுக்கத் துருக்கட்டிகள். தண்ணீர் குழாய்க்குள் அடக்கமாக நேரே போவதில்லை. சுழன்று, ஒரு நொடி விரைந்து, மறுநொடி தயங்கித்தான் போகிறது. சுவர் சொரசொரப்பானால் உராய்வும் கூடும், அந்தத் தடுமாற்றமும் கூடும். நான் கணக்குப் போட்டது வழவழப்பான புதுக்குழாய்க்கு. ஆடுகிற முள்ளை ஆடுகிறபடியே எழுதியவரைத்தான் கவனம் போதாதவர் என்றேன்.

மேலதிகாரியிடம் ஓடினேன். பட்டியல் போய்விட்டது, அடுத்ததில் பார்க்கலாம் என்றார். அடுத்தது வந்து அவர் பர்மனென்ட் ஆக இரண்டு வருடமாயிற்று. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, குவார்ட்டர்ஸும் இல்லாமல், அவரும் மனைவியும் கைக்குழந்தையோடு இரண்டு மழைக்காலம் கீற்றுக்கொட்டகையில் இருந்தார்கள். அவர் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

அந்தக் குழந்தையின் கல்யாணத்தில் அவரைத் தனியே அழைத்து, "அன்றைக்கு நான் எழுதினது..." என்று தொடங்கினேன். "வுடுங்க சார். எல போட்டாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். நானும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த இரண்டு வருடங்கள். ஒரே ஒரு வரி எழுதி அவரிடமிருந்து நான் எடுத்தவை. மன்னித்துவிடுங்கள் தங்கராசு என்று இன்று முழுதாக எழுதிவிட்டேன். படிக்கத்தான் அவர் இல்லை.