மாட்டுத் தொட்டியும் மன அமைதியும்

போன மாதம் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

சந்தோஷப்பட்டு வாழ்த்துக் கடிதம் எழுதிவிடாதீர்கள். அதைப் போர்த்திக்கொண்டு நான் செய்த காரியம் அப்படி. வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன் — வாராவாரம் உங்களிடம் உளறி உளறிப் பழகிவிட்டது.

கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக் காடுகளுக்கு நடுவில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. தாளாளர் முன்பு பருத்தி வியாபாரம் செய்தவர். மழையை நம்பாத பயிர் ஏதாவது உண்டா என்று தேடியிருப்பார் போல. இங்கிலீஷ் மீடியம் அகப்பட்டது. கரிசலில் எது கருகினாலும் இது மட்டும் கருகுவதில்லை.

அவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, நம்ம ஸ்கூலுக்கு ஒரு இங்கிலீஷ் டீச்சர் எடுக்கணும். ரெண்டு பேரு வாராங்க. டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க முப்பது வருசம் இங்கிலீஷ் நடத்தினவரு. பேப்பர்ல வேற எழுதுதீங்க. வந்து உக்காந்து மார்க் போட்டுக் குடுத்தாப் போதும்.”

“நீங்களே பார்த்து எடுக்கலாமே?”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே அண்ணாச்சி!”

எவ்வளவு நேர்மையான மனிதர்! அந்த நேர்மைக்காகவே ஒப்புக்கொண்டேன். சரி, ‘பேப்பர்ல எழுதுதீங்க’ என்றதற்காகவும்தான்.

போய் இறங்கியதும் பொன்னாடை. ஜரிகை கழுத்தில் குத்தியது. அடுத்து பள்ளியைச் சுற்றிக் காட்டினார். சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் ஒரு பாடப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இங்கிலீஷ் கற்றுக்கொள்பவர்களுக்கான புத்தகம். வழவழவென்ற தாள், கலர் படங்கள். அதில் நாலு பாடம்: பயணம், ஆசிரியப் பணி, இசையும் மன அமைதியும், பண்டைய வரலாறு. அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஆறாம் வகுப்புக்கு வைத்துவிட்டார்.

பயணம் பாடத்துக்காக வராந்தாவில் ஒரு மேசை போட்டு, ஏர்போர்ட் ஆக்கியிருந்தார்கள். பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடையை லக்கேஜாகத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமியிடம், எங்கே போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். “லண்டன்” என்றாள். இதற்கு முன் எங்கெல்லாம் போயிருக்கிறாய்? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள்: “சாத்தூர். சித்தி வீடு.”

ஏன் ரகசியம்? தமிழில் பேசினால் அபராதம். சுவரில் பெரிய பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகை தமிழில்தான் இருந்தது... பெற்றோருக்குப் புரிய வேண்டுமே!

ஆபீஸ் ரூமில் மதிப்பெண் தாளைக் கொடுத்தார். நாலு கட்டம். உச்சரிப்பு. உடை. வகுப்பு அமைதி. துணைக் கருவி.

“பிள்ளைகளுக்குப் புரிஞ்சுதான்னு ஒரு கட்டம் இல்லையே?” என்றேன்.

“அது பரீட்சையில தெரிஞ்சிரும்லா!” என்றார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மதுரைக்கார இளைஞர். டை கட்டியிருந்தார். அந்த வெயிலில் டை கட்டுவதே ஒரு தகுதிதான். இன்னொருவர் முத்துமாரி. இடைசெவல் பக்கம், ஆடு மாடு வளர்க்கிற குடும்பம். அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர். கஞ்சி போட்ட சேலை விறைப்பாக நின்றது. விரல் நுனிகளில் மட்டும் காய்ந்துபோன பசை.

“தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுதேன் சார்,” என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. “எவ்வளவு தேச்சாலும் போகல. இது எனக்கு மூணாவது டெமோ. இனிமே லீவு கேட்டா வேலைக்கே வராதன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு இங்கன கெடைக்கலன்னா, நாளையிலேர்ந்து லேபிள்தான். டீச்சர் ஆசைய விட்டிரணும்.”

அழுகைக் குரலில் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. நன்றாகச் செய்யுங்கள் அம்மா என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முதலில் டை. பாடம், பண்டைய வரலாறு. ரோமானியர்களின் குளியல் கூடங்கள்! என்ன உச்சரிப்பு தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பி.பி.சி. வெந்நீர்க் குளம், குளிர்ந்த நீர்க் குளம், மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் என்று வெளுத்து வாங்கினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. ரிப்பன் கட்டிய பெண் பிள்ளை.

“சார்... அவங்க ஊர்ல எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வரும்?”

கோவில்பட்டியில் பிறந்த ஜீவன் இதைத்தானே கேட்கும்? குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊர் இது. அந்தப் பாடத்தில் கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான். ஆனால் டை என்ன சொன்னார்?

“ஆஸ்க் இன் இங்கிலீஷ்!”

பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு யாரும் கை தூக்கவில்லை. தாளாளர் என் காதருகே குனிந்து, “பாத்தீங்களா, என்ன கண்ட்ரோலு!” என்றார். வகுப்பு அமைதிக்கு முழு மார்க் விழுந்தது. போட்டது நான்தான்.

அடுத்து முத்துமாரி. அவருக்கு வந்த பாடம், இசையும் மன அமைதியும். மெல்லிய இசை கேட்டால் பதற்றம் குறையும், இதயம் நிதானமாகத் துடிக்கும் என்று போட்டிருந்தது. துணைக் கருவியாக ஒரு டேப் ரிக்கார்டர், பியானோ கேசட். முத்துமாரி பொத்தானை அமுக்கினார்.

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது. தாளாளர் மதிப்பெண் தாளில் ‘துணைக் கருவி’ கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முத்துமாரி நெற்றியில் வியர்வை. ஓரிரு நிமிடம் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். பிள்ளைகள் முகத்தில் மறுபடியும் ரோமாபுரி. அப்புறம் என்ன நினைத்தாரோ, புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு எளிய இங்கிலீஷில் கேட்டார்: “யார் வீட்டில் எல்லாம் மாடு இருக்கிறது?”

பாதி வகுப்பு கை தூக்கியது.

“மாடு தண்ணீர் குடிக்கும்போது உங்கள் அப்பா என்ன செய்வார்?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அதைச் சொல்ல முடியாது, செய்துதான் காட்ட வேண்டும்.

முத்துமாரி செய்து காட்டினார். உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஒரு சீட்டி.

எங்கள் பக்கத்தில் மாட்டைத் தொட்டியில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று அடிப்பார்களே, அந்தச் சீட்டி. சினிமாக் கொட்டகைச் சீட்டி இல்லை. அதைக் கேட்டால்தான் மாடு மிரளாமல், தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல், வயிறு நிறையக் குடிக்கும். நிறுத்தினால் மாடும் நிறுத்திவிடும். எனக்கு அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சொன்னால் நம்புங்கள், எனக்கே தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒரு பையனும் அடித்துக் காட்டினான். “வொய்? வொய் டஸ் ஹி டூ திஸ்?” என்று முத்துமாரி கேட்க, சரசரவென்று கைகள்!

“மிஸ், கவ் நோ ஃபியர்!”

“கவ் ட்ரிங்க் ஸ்லோலி மிஸ்!”

தண்ணீர்க் கேள்வி கேட்டு உட்கார்ந்துபோன அதே பெண் எழுந்து நின்றாள். “மை ஃபாதர் ஆல்ஸோ நோ ஆங்ரி மிஸ், தட் டைம்.”

மாட்டுக்கு மட்டுமில்லை, சீட்டி அடிக்கிற அப்பனுக்கும் அந்த நேரம் கோபம் இல்லை! புத்தகத்தில் மூன்று பக்கத்துக்கு நீட்டி முழக்கியதை இந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டாள். இலக்கணம் நொண்டினால் என்ன? முத்துமாரி போர்டில் ‘காம்’, அதாவது அமைதி, என்று இங்கிலீஷில் எழுதினார். அதற்கு அர்த்தம் என்னவென்று அவர் சொல்லவே இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

நான் திரும்பித் தாளாளரைப் பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி இது? ஒரு பொம்பளப் பிள்ள கிளாஸ்ல நின்னு சீட்டி அடிக்குது! இது ஸ்கூலா, டூரிங் டாக்கீஸா?”

வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தால் ஆராய்ச்சி. நம் ஊர் மாட்டுத் தொட்டியில் நடந்தால் காலித்தனம். அந்த வழவழப்பான புத்தகத்திலேயே, ஆசிரியப் பணி என்ற பாடத்தில், நல்ல ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவிடுவார் என்று இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். “ஐயா, இன்று இங்கே இங்கிலீஷ் நடத்தியது இந்தப் பெண் ஒருத்திதான்” என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஆனால் தோளில் பொன்னாடை. மேசையில் எனக்கென்று உடைத்து வைத்த கலர் சோடா பாட்டில். ‘முப்பது வருசம் நடத்தினவரு’ என்று மூச்சுக்கு ஒரு தரம் அறிமுகம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எதிர்த்துப் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம்.

வகுப்பு அமைதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அடியில் ஒரே ஒரு சொல் எழுதினேன். ‘பரிசீலிக்கலாம்.’

கோழைகளுக்காகவே தமிழில் யாரோ கண்டுபிடித்த சொல். ஆம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கேட்டருகே முத்துமாரி நின்றிருந்தார். “எப்படி சார் இருந்துச்சு?”

“நல்லாப் பண்ணீங்கம்மா.”

“அப்படியே எழுதிட்டீங்களா சார்?”

“ம்...” என்றேன்.

டை வேலையில் சேர்ந்தார். முத்துமாரி லேபிள் ஒட்டப் போனார். கதை அங்கே முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். கோழைத்தனத்தை வெளியே சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டும், அது எனக்குக் கிடையாது.

இரண்டே வாரத்தில் டைக்குச் சென்னையில் கால் சென்டர் வேலை கிடைத்துவிட்டது. அந்த உச்சரிப்புக்குக் கிடைக்காமல் இருக்குமா? சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார். அதே நேரம் பள்ளிக்கு ஒரு பால்காரர் வந்து தாளாளரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ரிப்பன் பிள்ளையின் அப்பா.

“அண்ணாச்சி, எம் மவ தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு மாட்டுகிட்டயே இங்கிலீசு பேசுதா! வீட்ல ஒரே சிரிப்பாணி. அன்னைக்கி ஒரு டீச்சரு வந்தாவளாமே, அவிய எங்க? அவியள வரச் சொல்லுங்க.”

இன்னும் நாலைந்து பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். பெற்றோர் கேட்டால் தாளாளர்களுக்கு ஞானம் உடனே பிறக்கும். தீப்பெட்டி ஆபீஸுக்கே ஆள் போயிருக்கிறது. அன்று மாலை எனக்குப் போன்.

“அண்ணாச்சி, மியூசிக் மெத்தட்! இந்த ஜில்லாவுலயே நாமதான் மொதல்ல. பேனர் அடிக்கக் குடுத்திருக்கேன்.”

“டூரிங் டாக்கீஸ்னு சொன்னீங்களே?”

“அது அன்னைக்கி!” என்றார். அந்த நேர்மை அவரை விட்டுப் போகவே இல்லை.

போன புதன்கிழமை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் முத்துமாரியைப் பார்த்தேன். கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. விரலில் பசை இல்லை, சிவப்பு மை. நான் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

“ஆபீஸ் ஃபைல்ல அந்தத் தாளப் பாத்தேன் சார்.”

ஓட்டப்பிடாரம் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். எனக்கு ஓட்டப்பிடாரத்தில் ஒரு ஜோலியும் இல்லை.

“கோவம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி என் கிளாஸ் நல்லா இருந்துச்சா, இல்லையா?”

“முப்பது வருஷத்தில் நான் அப்படி ஒரு கிளாஸ் எடுத்ததில்லைம்மா.”

“அத அன்னைக்கே அவர் முன்னால சொல்லியிருக்கலாம்லா? நான் ரெண்டு வாரம் படுத்தாத் தூக்கம் இல்லாமக் கெடந்தேன் சார். சீட்டி அடிச்சது தப்போ, தப்போன்னு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் ஆண்கள் சொல்லும் வழக்கமில்லை, நாக்குத் தடுமாறியது. முத்துமாரி நோட்டுக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

“நாளைக்கு மூணாவது பீரியட் ஆறாங் கிளாஸ் சார். வாங்க. கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கு.”

போனேன். பொன்னாடை இல்லை, கலர் இல்லை. குட்டி பெஞ்சு. முழங்கால் இடித்தது. பக்கத்தில் ரிப்பன் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“மிஸ், ஹூ இஸ் ஹி?”

முத்துமாரி போர்டில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“நியூ அட்மிஷன்.”