கருப்பு வண்டியின் மீட்டர்

அதே மாடலைப் பல வருடம் வைத்திருந்த ஒருவரிடம் பேசாமல் கார் வாங்குவதில்லை என்று எனக்குப் பிடிவாதம். இரண்டு கம்பெனிகளின் சின்ன சொகுசு எஸ்யூவிகளில் எதை எடுப்பது என்று மூன்று மாதமாக முடிவாகவில்லை. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் இரண்டுமே ஒன்பது வருடமாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அண்ணன் வாங்கியது கருப்பு. தம்பி போட்டிக்கு வாங்கியது வெள்ளை.

வீட்டில் காவல்காரர் மட்டும்தான் இருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துடைக்கிற துணி. தினமும் காலையில் இரண்டு வண்டியையும் ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாராம். அப்போதும் கருப்பில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டேன்.

“கருப்பையே எடுங்க. ஒருநா மக்கர் பண்ணுனதில்ல. வெள்ளை மூணு பேட்டரி தின்னுருச்சு.”

குழப்பம் தீர்ந்த சந்தோஷத்தில் ஜன்னல் வழியே மீட்டரை எட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்!

“இவ்வளவுதான் ஓடுச்சா?”

“மொதலாளிக வெளியூர்ல இருக்காக. வருசத்துக்கு மூணு நா, சாமி படைப்புக்கு வருவாக. கோவிலூர், காரைக்குடின்னு ரெண்டு சுத்து. அம்புட்டுத்தான்.”

“நீங்க எடுத்து ஓட்டுறதில்லையா?”

“எனக்கு ஓட்டத் தெரியாதே” என்றபடி ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

எரிச்சலோடுதான் திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: அந்தக் கார்களில் சொந்தக்காரர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்தவர் அவர்தான்.

அந்தக் கருப்பு வண்டியின் மாடலையே வாங்கினேன். இதுவரை மக்கர் பண்ணவில்லை. ஆனால், வாசலைத் தாண்டாமல் தினமும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எங்கே போய்வருகிறார் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.